சாமியார் காலமான செய்தியும் ஒரே வீட்டின் இரண்டு பேச்சும்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதை, படிக்கிற மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பம் இருபது ஆண்டுகளாக வணங்கிவந்த ஒரு மடத்தின் தலைவர் சென்ற மாதம் காலமானார். ஒரு பெண் கொடுத்த புகாரின் பேரில் அவர்மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. செய்தி வந்த அன்று உங்கள் அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. உங்கள் தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'ஒரு பீடை ஒழிந்தது' என்று எழுதினான். அதைப் படித்த தாய்மாமன், அவன் இருக்கும் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பூசை அறையில் இருக்கும் படத்தைக் கழற்றச் சொல்கிறான் தம்பி. கழற்றினால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறார் அம்மா. 'இறந்தவரைப் பழிப்பது பாவமா, அழுகிறவர்கள் எல்லாம் ஏமாளிகளா, எது சரி?' என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இறந்துபோனவரைப் பற்றிக் கேட்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு, உயிரோடு இருக்கும் மூன்று பேரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. ஒருவர் அம்மா, ஒருவன் தம்பி. மூன்றாமவர் நீங்கள் அரை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்தப் புகார்தாரப் பெண். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கோவையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி இரவுப் பணி. இறப்புச் செய்திகளைத் திருத்துவதும் அவற்றுக்குத் தலைப்பு வைப்பதும் நெடுங்காலம் என் மேசையில்தான் நடந்தன. நான் வழக்கறிஞன் அல்ல. சமயம் கற்றவனும் அல்ல. ஒரு மதத் தலைவர் இறந்தால் அன்று இரவு ஊர் எப்படி இரண்டுபடுகிறது என்பதை அலுவலகத் தொலைபேசியின் இந்த முனையிலிருந்து கேட்டவன். அவ்வளவுதான் என் தகுதி. உங்கள் மடத் தலைவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஊரறிந்த சிலரை வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சண்டை அங்கேதான் தொடங்கும். தமிழில் ஒருவர் இறந்தார் என்று எழுத எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சைவர் என்றால் சிவலோக பதவி அடைந்தார், வைணவர் என்றால் ஆசாரியன் திருவடி அடைந்தார், மடாதிபதி என்றால் முக்தி அடைந்தார் அல்லது சித்தி அடைந்தார். கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைவார், முஸ்லிம் வஃபாத் ஆவார், பகுத்தறிவாளர் இயற்கை எய்துவார். பொதுவானவருக்குக் காலமானார். யாருக்கும் வேண்டாதவருக்கு மரணம், சாவு. இவற்றில் எந்தச் சொல்லை எடுத்தாலும் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். 'முக்தி அடைந்தார்' என்று தலைப்பு வைத்தால், அவர் எங்கே போனார் என்று பத்திரிகையே சான்று கொடுத்ததாக ஆகும். 'மரணம்' என்று வைத்தால், காலையில் வாசலில் இருபது பேர் வந்து நிற்பார்கள். நான் எப்போதும் 'காலமானார்' என்றே வைத்தேன். அதற்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வரும். உங்கள் வீட்டில் அம்மா 'சாமி முக்தி அடைந்துவிட்டார்' என்கிறார், தம்பி 'ஒழிந்தது' என்கிறான். இடையில் 'காலமானார்' என்ற சொல் இருக்கிறது. நான்கு பேர் கூடிப் பேசும் இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் பல வீடுகளில் பேச்சு முறிவது பெயர்ச்சொல்லிலும் வினைச்சொல்லிலும்தான், கருத்தில் இல்லை.

அடுத்தது, இப்படி இரண்டாகப் பிரிந்து பேசுவது செல்போன் வந்த பிறகு ஏற்பட்ட சீரழிவு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் இழவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரை வெறுமனே புகழ்ந்துகொண்டா இருந்தார்கள்? 'என்னை இப்படி நட்டாற்றில் விட்டாயே', 'பெற்ற மகளுக்கு ஒரு சீர் செய்தாயா' என்று நேருக்கு நேர் வைது அழுவார்கள். என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், தன் அண்ணன் இறந்தபோது பங்கு பிரித்ததில் நடந்த அநியாயத்தைப் பிணத்தின் காலடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் ராகம் போட்டுச் சொல்லி அழுதார். பங்காளிகள் எல்லாரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரை எழுப்பி வெளியே அனுப்பவில்லை. இழந்தவருக்கு வையும் உரிமையும் உண்டு என்பதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வசவுக்கு ஒரு இடமும் ஒரு ஆளும் இருந்தன. வைதவர் அழுதுகொண்டே வைதார். கேட்டவர்கள் எழுந்து போகாமல் கேட்டார்கள்.

பட்டாசையும் சொல்ல வேண்டும். ஒரு சாமியார் இறந்ததற்கு எதிராளிகள் பட்டாசு வெடித்தார்கள் என்று எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை தகவல் வந்தது. செய்தியாளர் போய் விசாரித்தார். பக்கத்துத் தெருவில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவரின் கல்யாணச் சாவு. பேரன்மார் வெடி போட்டுக்கொண்டே தேரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். நம் பக்கத்தில் வெடிச் சத்தத்தை வைத்து மகிழ்ச்சியா மரியாதையா என்று சொல்லிவிட முடியாது. 'கொண்டாடினார்கள்' என்று வரும் செய்திகளில் ஒரு பகுதி இப்படிப்பட்டது. கூட்டக் கணக்கும் அப்படியே. 'பல லட்சம் பேர் அஞ்சலி' என்று நாங்கள் அச்சிட்ட எண்களை யாரும் தலை எண்ணிச் சொன்னதில்லை. பணியில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி சொன்னதையும் மடத்துக்காரர்கள் சொன்னதையும் வைத்து நடுவில் ஒன்றைப் போடுவோம். அதை ஆதாரமாக வைத்து 'இவ்வளவு பேர் அழுதார்களே, அவர் தவறு செய்திருப்பாரா?' என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு அடித்தளமே இல்லை.

இப்போது உறுதியானதையும் சந்தேகத்துக்கு உரியதையும் பிரிக்கிறேன். சர்ச்சைக்குரிய மதத் தலைவர் என்று எல்லாரையும் ஒரே கூடையில் போடுவதுதான் நான் கண்ட பெரிய பிழை. மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா. பாலியல் வன்கொடுமை, கொலை ஆகிய குற்றங்களுக்காக 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தண்டனை உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. அவர் தண்டனைக் கைதியாகவே 2011 பிப்ரவரியில் கடலூரில் இறந்தார். அவர் நிரபராதி என்று இன்றும் நம்புகிற பக்தர்கள் இருக்கிறார்கள். நம்பட்டும், ஆனால் பொதுவெளியில் அவரைக் குற்றவாளி என்று எழுத யாரும் தயங்க வேண்டியதில்லை. இறப்பு அந்தத் தீர்ப்பை அழிக்கவில்லை.

இரண்டாமவர் காஞ்சி சங்கர மடத்தின் தலைவராக இருந்த ஜெயேந்திரர். 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அதன் மேலாளர் சங்கரராமன் கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கில் அந்த ஆண்டு நவம்பர் 11, தீபாவளி இரவில் ஜெயேந்திரர் ஆந்திரத்தில் கைது செய்யப்பட்டார். விசாரணை தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. 2013 நவம்பர் 27 அன்று அவர் உட்பட அனைவரும் விடுதலை செய்யப்பட்டார்கள். அவர் 2018 பிப்ரவரி 28 அன்று காலமானார். அன்றைக்கு என் மேசைக்கு வந்த கடிதங்களில் பாதி, அவரைக் கொலைகாரன் என்றே குறிப்பிட்டிருந்தன. நான் ஒன்றையும் அச்சிடவில்லை. அவர்மீது எனக்குப் பக்தி கிடையாது. ஒன்பது ஆண்டு விசாரித்து நீதிமன்றம் விடுவித்த ஒருவரை, பதில் சொல்ல வாயில்லாத நாளில் அந்தப் பெயர் சொல்லி அழைப்பது பொய் சொல்வதாகும். அதே சமயம், சங்கரராமனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு விடை தரவில்லை என்பதும் உண்மை. ஒரு குடும்பம் அந்த விடை இல்லாமலே இருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுத முடியும். எழுதினோம்.

மூன்றாவது வகைதான் மிகவும் சிக்கலானது: குற்றச்சாட்டு உண்டு, விசாரணை இல்லை. புட்டபர்த்தி சத்ய சாய்பாபா அந்த வகை. (கோவைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் ஊர் சாயிபாபா காலனி, மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் நாக சாயி மந்திரை ஒட்டிய பெயர், அது ஷிர்டி பாபாவின் கோயில். 2011-இல் இந்தக் குழப்பத்தோடு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை.) சத்ய சாய்பாபா 2011 மார்ச் இறுதியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 24, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் உயிர் பிரிந்தது. 27-ஆம் தேதி அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. 96 வயது வரை இருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். ஆங்கிலக் கணக்கில் 84 வயதுதான் ஆகியிருந்தது. நட்சத்திர மாதக் கணக்கில் பார்த்தால் சரியாக வருகிறது என்று பக்தர்கள் விளக்கம் சொன்னார்கள். இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். அதே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு இறங்கி, மறுநாள் வேலைக்குப் போனவர்களையும் தெரியும்.

அவருக்கு எதிரான குரலின் முக்கியமான முகவரி நம் கொங்கு மண்ணிலேயே இருந்தது என்பது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த். (மேலே சொன்ன பிரேமானந்தா வேறு, பெயர்க் குழப்பம் வேண்டாம்.) கோழிக்கோட்டில் பிறந்து போத்தனூரில் தங்கி, ஓர் ஆங்கிலப் பகுத்தறிவு இதழை அங்கிருந்தே நடத்தினார். ஊர் ஊராகப் போய், கையசைத்து விபூதி வரவழைப்பதைச் செய்து காட்டி, உடனே அது எப்படி என்றும் விளக்குவார். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருண்டையாக்கிக் காயவைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒளித்து, நேரம் பார்த்து நசுக்கினால் பொடியாக உதிரும். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் வாய் பிளந்து நின்றார்கள். ஆசிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் 2009 அக்டோபர் 4 அன்று, சாய்பாபாவுக்கு ஒன்றரை ஆண்டு முன்பாகவே, போத்தனூரில் இயற்கை எய்தினார். இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, கடைசிவரை நான் பகுத்தறிவாளனே என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். படுக்கையில் விழுந்ததும் கடவுளை நம்பிவிட்டார் என்று வதந்தி கிளம்பியிருந்ததே காரணம். பக்தியாளரின் சாவைப் பற்றி மட்டும்தான் இழுபறி நடக்கும் என்று நினைக்காதீர்கள். மறுப்பவரின் சாவையும் அடுத்த பக்கம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கும்.

சாய்பாபா விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை? அனந்தபூர் மாவட்டத்தில் 700-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு அவரது அறக்கட்டளை குடிநீர் கொண்டுவந்தது உறுதி. புட்டபர்த்தியிலும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலும் பெரிய மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் அறுவைச் சிகிச்சை நடப்பது உறுதி. கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் கால்வாயைச் சீரமைக்க அறக்கட்டளை பணம் கொடுத்ததும், அதற்காக 2007 ஜனவரியில் சென்னையில் நடந்த விழாவில் கடவுள் மறுப்பாளரான முதல்வர் கருணாநிதி அவரோடு மேடையில் அமர்ந்ததும் உறுதி. 1993 ஜூன் 6 இரவு அவர் தங்கியிருந்த மாளிகையில் அவருடைய உதவியாளர் இருவர் குத்திக் கொல்லப்பட்டதும், உள்ளே புகுந்த நால்வர் போலீஸார் சுட்டதில் இறந்ததும் உறுதி. முன்னாள் பக்தர்கள் சிலர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள் என்பதும், 2004-இல் பிபிசி அதை ஆவணப்படமாக ஒளிபரப்பியது என்பதும் உறுதி. அந்தக் குற்றச்சாட்டுகளை அவர் தரப்பு மறுத்தது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. இதற்குமேல் ஒரு படி ஏறி 'செய்தார்' என்று சொல்பவரும் 'செய்யவே இல்லை' என்று சொல்பவரும் தமக்குத் தெரியாததைச் சொல்கிறார்கள்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. புட்டபர்த்தியில் ஒரு ரூபாய் வாங்காமல் அடைத்து அனுப்பினார்கள். அந்த மனிதர் 2011-இல் மொட்டை போட்டுக்கொண்டு அழுதார். அவரிடம் போய் ஆவணப்படத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பேசவும் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அறுவைச் சிகிச்சையைக் காட்டி, வேறெங்கோ ஒரு பையன் சொன்னது பொய் என்று அவர் வாதாடியிருந்தால், அதை மறுத்துப் பேசியிருப்பேன். வியாபாரம் தெரிந்த ஊர் நம்முடையது. ஒருவர் பெயரில் வரவு வைத்ததை இன்னொருவர் பெயரில் உள்ள பற்றில் கழிக்க முடியாது என்று நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மகளின் இதயம் ஒரு பேரேடு. அந்தப் பையனின் சொல் வேறொரு பேரேடு.

இனி, நீங்கள் அரை வரியில் விட்ட பெண்ணுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நம் வட்டாரத்தில் ஒரு சிறிய ஆசிரமத்தின் தலைவர் இறந்தார். பெயர் வேண்டாம். நாங்கள் அரைப் பக்கம் செய்தி போட்டோம்: அன்னதானம், பள்ளிக்கூடம், மரம் நட்டது, வந்த பிரமுகர்கள். 'சில சர்ச்சைகளையும் சந்தித்தவர்' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியது நான்தான். மறுநாள் பிற்பகல் காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது. மடித்து மடித்து மடிப்பு ஓரங்கள் கிழிந்திருந்தன. மகள் கொடுத்த புகார். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது, விசாரணை தொடங்கவில்லை. அவர் கோபப்படவில்லை. 'சர்ச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, அது என் மகள்தானுங்களா?' என்று கேட்டார். பிறகு, 'இனி இந்தக் காகிதத்தை யாரிடம் காட்டுவது?' என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. அவரை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். மறுநாள் பதிப்பில், இறந்தவர்மீது இன்ன காவல் நிலையத்தில் இன்ன பிரிவில் வழக்கு நிலுவையில் இருந்தது, அவர் தரப்பு அதை மறுத்து வந்தது என்று மூன்று வரி போடவைத்தேன். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை எந்த இறப்புச் செய்தியிலும் 'சர்ச்சை' என்ற சொல்லை மட்டும் தனியாக நிற்கவிடவில்லை. யார் என்ன சொன்னார்கள், வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது, அவர் என்ன பதில் சொன்னார் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல்லையே எடுத்துவிட வேண்டும். 'சர்ச்சை' என்ற சொல், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அநீதி செய்கிறது, சாட்டியவருக்கும் அநீதி செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் அறிந்த அளவில் சொல்கிறேன். உங்கள் வழக்கின் விவரத்துக்கு ஒரு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்புக்கு முன் இறந்தால் அவர்மீதான குற்ற வழக்கு அத்தோடு முடிகிறது. அது விடுதலையும் ஆகாது, தண்டனையும் ஆகாது. வேறு ஆட்களும் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் அவர்கள்மீது வழக்கு தொடரும். ஆகவே 'வழக்கிலிருந்து சாமி விடுபட்டுவிட்டார்' என்று உங்கள் மாமா சொன்னால் அது தவறு. 'குற்றவாளி தண்டனைக்குத் தப்பிச் செத்தான்' என்று தம்பி சொன்னால் அதுவும் தவறு. புகார் கொடுத்த பெண்ணுக்கு நிவாரணம் கேட்க வழியுண்டா என்பதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் கேட்கலாம். உங்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியுமென்றால் இந்த ஒரு தகவலை அவர்கள் காதில் போடுங்கள். தம்பியிடமும் ஒன்று சொல்லுங்கள். இறந்தவரைப் பற்றி எது பேசினாலும் வழக்கு வராது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவிலேயே, இறந்தவரின் நெருங்கிய உறவினர் மனம் புண்படும் நோக்கத்தோடு அவரைப் பற்றி அவதூறு சொல்வதும் குற்றமாகலாம் என்று விளக்கம் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 356-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. உண்மையைப் பொது நலனுக்காகச் சொல்வதற்கு அதில் விலக்கு உண்டு. 'வழக்கு நிலுவையில் இருந்தது' என்பது உண்மை. 'பீடை' என்பது வசவு.

தம்பியின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவன் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறான். அது நல்ல இடம். ஆனால் அவன் எழுதிய வரியில் அந்தப் பெண் இல்லை. அம்மாவைச் சீண்டுவதுதான் இருக்கிறது. எதிராளி இறந்த நாளில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு, அவன் ஒருவேளை மதிக்கக்கூடிய ஒருவரையே சொல்கிறேன். ஈரோட்டுக்காரர் பெரியார். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரானவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்து நண்பர்கள் அரசியலில் கடைசிவரை எதிரெதிராக நின்றார்கள். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி, அதை ஒழிக்கும்வரை பெரியார் ஓயவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது பெரியாருக்கு 93 வயது. சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை போய் அங்கே அழுதார். அழுததால் அவர் குலக்கல்வியை ஏற்றுக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பைக் குறைக்காமலே துக்கத்துக்குப் போக முடியும் என்று காட்டியவர் பெருந்துறையிலிருந்து அரை மணி நேரத் தூரத்து ஊர்க்காரர்.

இந்த ஒப்பீட்டுக்கும் எல்லை உண்டு. ராஜாஜிமீது இருந்தது கருத்து எதிர்ப்பு. உங்கள் மடத் தலைவர்மீது இருந்தது உடல்மீது நடந்த குற்றத்தைப் பற்றிய புகார். புகார் கொடுத்த அந்தப் பெண்ணே 'செத்தது நல்லது' என்று சொன்னால், மரியாதை கற்றுக்கொடுக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை இல்லை. என் அமுச்சிக்கு இருந்த உரிமைதான் அவருக்கும். தம்பிக்கு அந்த உரிமை அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அம்மாவைப் பற்றி. அவரை ஏமாளி என்று நினைக்காதீர்கள் அம்மணி. மதத் தலைவர் இறந்தால் பெண்கள் ஏன் இவ்வளவு அழுகிறார்கள் என்று செய்தி அறையில் இளைஞர்கள் கேலியாகக் கேட்பார்கள். 2023 அக்டோபர் 19 அன்று மேல்மருவத்தூர் பங்காரு அடிகளார் காலமானபோது, கோபியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் செவ்வாடை கட்டிக்கொண்டு வேன் பிடித்துப் போன பெண்களிடம் பேசியிருக்கிறேன். தன் பெயரில் ஒரு மன்றம், தான் நின்று நடத்தும் வழிபாடு, மாதவிடாயைக் காரணம் காட்டித் தடுக்காத கருவறை. இவற்றை அவர்கள் வேறெங்கும் பெற்றதில்லை. அவர்கள் அழுதது ஒரு மனிதருக்காக மட்டும் இல்லை, தாங்கள் முதன்முதலில் மதிக்கப்பட்ட ஓர் இடத்துக்காகவும்தான். உங்கள் அம்மா இருபது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் அந்த மடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அவருக்குத் தோழிகள் இருப்பார்கள். உங்கள் அப்பா உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது அங்கே போய்த்தான் தைரியம் தேடியிருப்பார். அந்த இருபது ஆண்டும் பொய் என்று ஒரே வாட்ஸ்அப் வரியில் சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுவார்?

ஆனால் அவரிடமும் ஒன்று கேட்க வேண்டும், உடனே வேண்டாம், பதினாறாம் நாள் கழியட்டும். தோட்டத்தில் களை பறிக்கும்போதோ, இரவு சாப்பாட்டுக்குப் பிறகோ, தனியாக இருக்கும்போது கேளுங்கள்: 'அம்மா, புகார் கொடுத்த அந்தப் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?' வேறு எதுவும் சேர்க்காதீர்கள். வாதாட வேண்டாம். இருபது ஆண்டு போய்வந்தவர் பார்த்திருக்கக்கூடும். பக்கத்தில் உட்கார்ந்து காய்கூட நறுக்கியிருக்கக்கூடும். இதே கேள்வியை வேறொரு வீட்டில் ஒரு மகள் கேட்டபோது, அந்தத் தாய் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நல்ல பிள்ளை, பொய் சொல்லமாட்டாள்' என்றார். அதற்குப் பிறகும் அவர் மடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே மனத்தில் இருந்தன. உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று நான் சொல்ல முடியாது.

கடைசியாகப் படம். பூசை அறையில் இருப்பது அம்மாவின் படம். அதைத் தொட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். கூடத்தில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடம் எல்லாருக்கும் பொது. அந்தப் படத்தை எடுத்துப் பூசை அறைக்குள் வைக்கலாமா என்று நீங்களே அம்மாவிடம் கேளுங்கள், தம்பி கேட்க வேண்டாம். மாமா வீட்டுக்கு நீங்களும் தம்பியும் சேர்ந்தே போய்வாருங்கள். அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் இருக்கும் அந்த வரியை அவன் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வழக்கு எண்ணை மட்டும் போட வேண்டும் என்று அவன் நினைத்தால், போடட்டும்.